ராய்ஸ் விதைத்த நீலம்

படத்தில் ராய்ஸ் ஹேகமன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சாவு வீட்டில் நிற்பவன் முகம் போல இருந்தது. பின்னால் மேடு முழுக்க நீலம். 'கரிந்த மேட்டுக்கு நிறம் கொடுத்தவர்' என்று படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கில் அந்தப் பகுதிக்கு வாரம் ஒரு முறை வருகிற பத்திரிகை அது. கோதுமை விலை, பள்ளிக்கூடக் கால்பந்து, இறந்தவர்களின் படம், இவற்றைத் தாண்டி அதில் எதுவும் வருவதில்லை. அதனால் ராய்ஸுக்கு அரைப் பக்கம் கிடைத்திருந்தது. லவோன் ஷ்ராக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு அந்தத் தாளைக் கொண்டுபோய் டிராக்டருக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிற இடத்தில் விரித்துப் போட்டாள்.

நடந்தது என்னவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு கோடைக்கு முன்னால் இடி விழுந்து மேடு எரிந்தது. அது மேய்ச்சல் சங்கத்தின் பொது நிலம். அப்போதும் சங்கத்துக்குத் தலைவன் ராய்ஸ்தான். புல் விதை வாங்கிவா என்று அனுப்பினால் அவன் புல் விதையோடு லூப்பின் என்கிற நீலப்பூச் செடியின் விதையும் ஒரு மூட்டை வாங்கி வந்தான். மண்ணுக்கு உரம் சேர்க்கும் செடி என்று மூட்டையில் எழுதியிருந்ததாம். காற்று தூக்கி அடித்த ஒரு நாளில் நாலு சக்கர வண்டியில் உட்கார்ந்து அதைத் தூவினான். பாதி விதை பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருக்கும். மறு வருஷம் ஒன்றும் முளைக்கவில்லை. அப்போது அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இந்தக் குளிர்காலத்தில் பனியும் மழையுமாகக் கொட்டித் தீர்த்தது. ஜூன் பிறந்தபோது மேடு நீலமாக இருந்தது. உடனே அது ராய்ஸ் விதைத்த நீலம் ஆகிவிட்டது.

மேட்டைக் குதிரையில் சுற்றிவர அரை நாள் ஆகும். ஒரே ஒரு மூட்டை விதை அவ்வளவு இடத்தையும் எப்படி மூடும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஐம்பத்தேழு வயதாகிற லவோனுக்கு இது புதிதல்ல. இந்த ஊரில் அப்படிப்பட்ட கேள்வியை யாரும் கேட்டு அவள் பார்த்ததில்லை.

ராய்ஸ் தன்னை மேதை என்று நினைத்துக்கொண்டால் அவளுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அந்த மேட்டில்தான் அவளுடைய கிடாரிகள் மேய வேண்டும். ஏப்ரலில் சினை பிடித்த முதல் ஈற்றுக் கிடாரிகள், எல்லாம் அவளே தாய் பார்த்து, காளை பார்த்து, பல வருஷமாகத் தேர்ந்து வளர்த்த கறுப்பு வம்சம். சினையின் இரண்டாம் மாதத்திலிருந்து நாலாம் மாதத் தொடக்கம் வரைக்கும் மாடு லூப்பினில் வெல்வெட் என்கிற வகையைத் தின்றால் கன்று கோணலாகப் பிறக்கும். அந்தச் செடி தாயை ஒன்றும் செய்யாது. வயிற்றுக்குள் இருப்பது அசையாமல் கிடக்கும், அசையாமல் கிடந்த கோணத்திலேயே எலும்பு இறுகிவிடும். போன வருஷம் தன் சொந்த நிலத்தில் அவள் மாடுகள் அதைத்தான் தின்றிருந்தன. பிப்ரவரியில் பிறந்த கன்றுகளில் பலவற்றுக்கு முன்கால் முழங்காலில் மடிந்தே இருந்தது. ஒன்றுக்கு முதுகெலும்பு பாம்பு மாதிரி வளைந்திருந்தது. பால் குடிக்க நிற்க முடியாத கன்றை அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கித் தாயின் மடிக்குக் காட்டினாள். அது குடித்தது, வாலை ஆட்டியது. நாலு நாள் அப்படித் தூக்கிப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனாள்.

அதுவரைக்கும் அவளுக்கும் எல்லாச் செடியும் 'அந்த நீலச் செடி'தான். அதற்குப் பிறகு ஒரு பூதக்கண்ணாடி வாங்கி, வேலியோரத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, இலை இலையாக, பூப் பூவாகப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். தன் நிலத்தில் இருந்தது என்னவென்று தெரிந்ததும் அங்கே இந்த வருஷம் மாட்டை விடுவதில்லை என்று முடிவு செய்தாள். எனவே சங்கத்தின் நிலத்தை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

சங்கத்து விதி சின்ன விதி, கொடூரமான விதி. மேய்ச்சல் திறக்கும் நாளில் தன் மாட்டை உள்ளே விடாத குடும்பத்துக்கு அந்த வருஷம் பங்கு கிடையாது. அந்தப் பங்கு, காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குப் போய்விடும். இப்போது முதலில் காத்திருக்கிற ஆள் கோரி, ராய்ஸின் மருமகன். பங்கு போனால் அவள் கிடாரிகளை விற்க வேண்டியதுதான். திறப்பு நாள் நாளைக்கு. அதற்கு முதல் நாள் வழக்கம்போல எல்லோருமாக நிலத்தை நடந்து பார்ப்பார்கள். பார்த்த பிறகு எந்த நிலத்தை முதலில் திறப்பது என்று தலைவன் சொல்வான். அவன் சொன்னால் சொன்னதுதான். மேட்டுக்குப் பதிலாகச் சங்கத்தின் இன்னொரு நிலமான ஓடைக்கரைப் புல்வெளியை முதலில் திறந்து, லூப்பின் காய்த்து விதை உதிர்த்து விஷம் குறைந்த பிறகு மேட்டைத் திறந்தால் ஒருவர் கன்றுக்கும் ஆபத்தில்லை. ராய்ஸ் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வர வேண்டும்.

முந்தின மாலையே அவள் வேலியைத் தாண்டிப் போய் மேட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நீலம் என்பதெல்லாம் சாலையில் நின்று பார்ப்பவர்களுக்கு. கிட்டே போனால் பூ வெளுத்த ஊதா, பலமுறை துவைத்த சட்டையின் நிறம். சில செடிகளில் கிட்டத்தட்ட வெள்ளை. இலையைத் தொட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

காலையில் மேட்டுக் கதவருகே ராய்ஸ் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி ட்வைலா, காப்பி பிளாஸ்க்கோடு. கோரி கையில் போன் வைத்திருந்தான். எண்பது வயது எல்டன் க்ரோமர் தன் வண்டியிலிருந்து ஒவ்வொரு காலாக இறக்கிக்கொண்டிருந்தார். கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் பக்கம் சாய்வது எல்டனின் வாழ்நாள் பழக்கம். மற்ற இரண்டு குடும்பங்கள் வரவில்லை. ராய்ஸ் சொன்னால் சரி என்று போனில் சொல்லிவிட்டார்களாம்.

"என்ன லவோன், பேப்பர் பாத்தியா?" என்றான் ராய்ஸ்.

"பாத்தேன். நல்ல தாள். எண்ணெயை நல்லா உறிஞ்சுது."

ட்வைலா பிளாஸ்க்கின் மூடியைத் திருகுவதில் மும்முரமானாள். ராய்ஸுக்கு எதுவும் எட்டவில்லை. அவன் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொந்தத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறவனைப் போல.

"பாருங்க. எல்லாம் ஒத்த மூட்டை விதை. முதல் வருஷம் ஏன் வரலன்னு அப்ப எத்தனை பேரு சிரிச்சீங்க? விதை உள்ள தூங்கும். தூங்கத்தான் விடணும். பொறுமை வேணும்."

"நான் சிரிக்கல," என்றார் எல்டன்.

"உங்கள சொல்லல எல்டன்."

லவோன் குனிந்து ஒரு இலையைக் காம்போடு கிள்ளினாள். விரித்த கை மாதிரி, நடுவில் ஒரு புள்ளியிலிருந்து விரல்கள் பிரிகிற இலை. எல்லா லூப்பினுக்கும் இலை அப்படித்தான். இதில் விரல்களின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் வெளிறிய சாம்பல் பூத்திருந்தன. தடவினால் பிறந்த கன்றின் காதைத் தடவுகிற மாதிரி இருந்தது.

"ராய்ஸ், இது உன் மூட்டைல இருந்த லூப்பின் இல்ல. இது வெல்வெட். இலையத் தொட்டுப் பாரு."

"இலைதான?" அவன் அதை வாங்கவில்லை. "லூப்பின் எதுன்னு கண்டுபிடிக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல லவோன். இலையில இருக்கற விரல எண்ணு. ஏழு, அதுக்கு மேல இருந்தா நல்ல ஜாதி. ஏழுக்குக் கீழ இருந்தா கெட்ட ஜாதி. எங்கப்பா சொன்னது."

உங்கப்பா லாரியை ஓடைக்குள் விட்டவர் என்று லவோன் சொல்லவில்லை. அதே செடியிலிருந்து இன்னும் மூன்று இலைகளைக் கிள்ளி ஒவ்வொன்றாக அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுல ஒன்பது. இதுல ஏழு. கீழ இருந்த இந்தச் சின்னதுல ஆறு. அப்ப இந்தச் செடி எப்படி? ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லதா?"

கோரி சிரித்துவிட்டான். மாமனார் திரும்பிப் பார்த்ததும் போனைத் தூக்கி ஒரு செடியைப் படமெடுக்க ஆரம்பித்தான்.

"போன் என்ன சொல்லுது?" என்றார் எல்டன்.

"இருங்க, சுத்துது... லூப்பினா இருக்கலாம்னு சொல்லுது."

"பாத்தியா?" என்றான் ராய்ஸ்.

என்னத்தைப் பார்ப்பது என்று லவோனுக்குப் புரியவில்லை. அது லூப்பின் இல்லை என்று அங்கே யாருமே சொல்லவில்லை. இத்தனை பேருக்கும் ஓட்டுரிமை இருக்கிறது, டிராக்டர் ஓட்டுகிறார்கள், பிள்ளை பெற்றிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு ஒரு சோர்வு வந்தது. இருந்தாலும் அடுத்து ஒரு பூந்தண்டை இலையோடு ஒடித்தாள். பூக்கள் அவரைப் பூ மாதிரிதான் இருக்கும், ஆனால் இதில் ஒவ்வொரு பூவுக்கும் காம்பு இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். ஒன்றை ஒன்று நெருக்கித் தண்டோடு ஒட்டிக்கொண்டு, சோளக் கதிர் மாதிரி அடைசலாக இருந்தன. அவள் ஒரு பூவைப் பிரித்து அதன் மேல் இதழைப் பின்பக்கம் தெரியும்படி திருப்பினாள்.

"எல்டன், நீங்க பாருங்க. மேல நிக்குதே இந்த இதழ், இதோட முதுகுல முடி தெரியுதா? நடுவுல பழுப்பா ஒரு பொட்டு இருக்கா? பூ நெருக்கமா இருக்கா? இதெல்லாம் வெல்வெட்டுக்குத்தான்."

எல்டன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "முடி இருக்கற மாதிரிதான் இருக்கு."

"மேட்டு மண்ணு வறட்டு மண்ணு," என்றான் ராய்ஸ். "வறட்சில எந்தச் செடிக்கும் முடி முளைக்கும். பாதுகாப்புக்கு."

"ஆமா, அதுவும் வாஸ்தவம்தான்," என்றார் எல்டன்.

"இந்த வருஷம் பேஞ்ச மழைக்கு வறட்சியா?" என்றாள் லவோன்.

ராய்ஸ் நின்றான். புன்னகையோடு திரும்பினான். அந்தப் புன்னகையை அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். கணக்குத் தெரியாமல் கரும்பலகை முன்னால் நிற்கும்போதும் அவன் அப்படித்தான் சிரிப்பான்.

"லவோன், போன வருஷம் உனக்கு நடந்தது கஷ்டமான விஷயம். அது எங்க எல்லாருக்கும் வருத்தம்தான். அதுக்குன்னு நீலமா எதப் பாத்தாலும் உனக்கு விஷமாத் தெரிஞ்சா எப்படி? பயமா இருந்தா கிடாரிய வீட்லயே வெச்சுக்க. யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உன் பங்க கோரி பாத்துப்பான்."

கோரி தன் பூட்சைப் பார்த்தான். எல்டன் மேகத்தைப் பார்த்தார். எல்டனின் மாடுகளும் கோரியின் மாமனார் மாடுகளும் சினைதான், அதே மேட்டில்தான் நாளைக்கு இறங்கப்போகின்றன. ஆனால் ராய்ஸின் பேச்சில் குறுக்கே விழுவதைவிடக் கோணல் கன்று அவர்களுக்குச் சுலபம் என்று தோன்றியது. அவள் பூந்தண்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மிச்ச தூரத்தை நடந்தாள்.

நடை முடிந்ததும் தலைவன் வீட்டில் காப்பி குடிப்பது வழக்கம். குடித்து முடித்த பிறகுதான் அவன் எந்தக் கதவு என்று அறிவிப்பான், கதவுச் சங்கிலியின் சாவியைக் கொடுப்பான். லவோன் தன் பிக்கப்பில் எல்லோருக்கும் கடைசியாக ஹேகமன் வீட்டுப் பாதையில் திரும்பினாள். திரும்பியதும் வண்டியை நிறுத்திவிட்டாள்.

தபால் பெட்டியிலிருந்து வாசல்படி வரைக்கும் பாதையின் இரண்டு பக்கமும் லூப்பின். இடுப்பு உயரம், பச்சைப் பசேலென்று. தண்ணீர் ஊற்றி வளர்த்த செடி. இறங்கிப் போய் இலையைத் தொட்டாள். மேல்பக்கம் வழவழவென்று ஒரு ரோமம் கூட இல்லை. அடியில் மட்டும் கொஞ்சம். பூ நல்ல அடர் நீலம். ஒவ்வொன்றுக்கும் தெளிவாக ஒரு காம்பு, வட்டம் வட்டமாக அடுக்கி, இடையில் காற்று புகும்படி நின்றது. மேல் இதழின் முதுகு வெறுமை.

"அழகா இருக்குல்ல?" வாசலிலிருந்து ட்வைலா குரல் கொடுத்தாள். "மூட்டைல கொஞ்சம் மிஞ்சிச்சு. இங்க தூவிட்டேன். மேட்டுல தூவின அன்னிக்கேதான்."

லவோன் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ட்வைலா உள்ளே போய்விட்டாள். முப்பது வருஷமாக அந்த வீட்டில் இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டுக்கொண்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொண்டு இருப்பவள். லவோன் அவளைப் பற்றி இதுவரைக்கும் அதற்கு மேல் நினைத்ததே இல்லை.

ஒரு தண்டை இலையோடு ஒடித்துக்கொண்டு அவள் சமையலறைக்குள் போனாள். எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பையிலிருந்த மேட்டுப் பூவையும் பாதையோரத்துப் பூவையும் ராய்ஸின் தட்டுக்கு முன்னால் பக்கம் பக்கமாக வைத்தாள்.

"இது உன் மூட்டை. இது மேடு. உனக்கே கண்ணு இருக்கு, பாத்துக்க."

எல்டன் கழுத்தை நீட்டினார். கோரி, "அட, வேற வேற மாதிரிதான் இருக்கு" என்றான், வாய் நிறைய ரொட்டியோடு. ராய்ஸின் கழுத்து காலரிலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது. அந்த நிமிஷம் லவோனுக்கு இனித்தது. அரைப் பக்கப் படம், தொப்பி, நெஞ்சு எல்லாம் அந்த இரண்டு இலைக்கு நடுவில் நொறுங்கிக் கிடந்தன.

அந்த இனிப்பு ஒரு வாய்க் காப்பி குடிக்கிற நேரம்தான் இருந்தது.

"அதான் சொன்னேன்," என்றான் ராய்ஸ். "மண்ணு. ஒரே விதை, ரெண்டு மண்ணு. இங்க தண்ணி இருக்கு, மழமழன்னு வருது. அங்க காத்து, கல்லு. ஒடம்பப் போத்திக்குது. நீ அங்க குடிபோனாலும் உனக்கும் தோலு தடிக்கும்."

"பூவோட காம்பும் மண்ணுல கரைஞ்சு போச்சா?"

"லவோன், மேட்டதான் திறக்கப்போறேன்." குரல் இறுகியிருந்தது. "முடிஞ்ச விஷயம்."

லவோன் நினைத்தால் அவனை இன்னும் நசுக்கலாம். இலையை அவன் மூக்கில் தேய்க்கலாம், பழுப்புப் பொட்டைக் காட்டலாம். எல்டனையும் கோரியையும்கூடச் சிரிக்க வைக்கலாம். அவனை எவ்வளவு நன்றாகத் தோற்கடிக்கிறாளோ அவ்வளவு உறுதியாக நாளைக்கு மேட்டுக் கதவு திறக்கும். பத்திரிகையில் படம் வந்தவனால் விஷத்தை விதைத்தேன் என்று சொல்ல முடியாது, விஷம் தானாக வந்தது, என் விதை முளைக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கன்றுகள் கோணலாகப் பிறந்தால் பிறக்கட்டும் என்றுதான் இருப்பான்.

ட்வைலா காப்பி ஊற்றிக்கொண்டே கணவனின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ராய்ஸ், முந்தாநாள் சொன்னியே, பாத்திரத் தொட்டிக்கு அடியில பைப்ப மாத்தணும், ஒழுகி ஒழுகி பலகை வீணாப்போகுதுன்னு. அது எப்ப செய்யலாம்னு சொன்னே? சனிக்கிழமையா?"

ராய்ஸ் ஒரு விநாடி வெறித்தான். அவன் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. பிறகு முகம் தெளிந்தது. "ஆமா, சொன்னேன்ல. சனிக்கிழமை செஞ்சுடறேன். விட்டா பலகையே போயிடும்."

"நீதான் கவனிச்சே," என்றாள் ட்வைலா. லவோனின் கோப்பையிலும் காப்பி ஊற்றினாள். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

லவோன் காப்பியைக் குடித்தாள். நாக்கு சுட்டது. அடுத்து சொல்லப்போவதை நினைத்தபோது, கன்று ஈனமுடியாத பசுவுக்குள் தோள் வரைக்கும் கையை விடும்போது வருகிற அதே மாதிரி ஒரு முகச்சுளிப்பு அவளுக்கு வந்தது. அப்படித்தான் அதையும் செய்தாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"ராய்ஸ், நான் அவசரப்பட்டுட்டேன். நீ மேட்டுல சொன்னதத்தான் இப்ப யோசிச்சேன்."

"எத?"

"விதை உள்ள தூங்கும்னு சொன்னியே. தீ வந்தா, மழை வந்தா, பழைய விதை முழிச்சுக்கும்னு. நீ சொன்னப்ப எனக்கு உறைக்கல. அப்படின்னா நீ போட்ட விதையோட, ரொம்ப காலமா அங்க உள்ள தூங்கிக்கிட்டு இருந்த வெல்வெட்டும் சேந்து எழுந்திருக்கும்னுதான நீ சொல்ல வந்தே?"

ராய்ஸ் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் மனத்துக்குள் அந்த வாக்கியம் இடம் தேடுவதை அவளால் பார்க்க முடிந்தது. மாடு புதிய கதவைப் பார்த்து நிற்குமே, அப்படி நின்றான். உள்ளே போவதா, திரும்புவதா.

"நான் அத... ஆமா, தூங்கற விதையப் பத்தி நான்தான் சொன்னேன்."

"சொன்னே. எல்டன்கூடக் கேட்டாரு."

"கேட்டேன்," என்றார் எல்டன்.

"உன் விதை எப்படி இருக்கும்னு பாதை ஓரத்துல இருக்கு. அதோட வெச்சுப் பாக்கற ஆளு உன்ன விட்டா யாரு? உன் பச்சைய அந்தச் சாம்பல் செடி அமுக்கிடுச்சு. மேட்ட முதல்ல திறந்தா உன்னோட நல்ல லூப்பினையும் சேத்து மாடு மிதிச்சுடும். அத யோசிச்சுதான் நீ தயங்குறேன்னு நினைக்கிறேன்."

அவன் எதற்கும் தயங்கவே இல்லை. ஆனால் இப்போது தாடையைத் தடவிக்கொண்டு தயங்க ஆரம்பித்தான். மேட்டுத் தண்டை எடுத்தான். இலையைக் கட்டை விரலால் தடவினான், முதல் முறையாக. பாதையோரத்து இலையையும் தடவினான். பூவைப் பிரித்து, மேல் இதழைத் திருப்பி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான்.

"ம்," என்றான். "ட்வைலா, என் கண்ணாடிய எடு."

கண்ணாடி போட்ட பிறகு அவன் பேச ஆரம்பித்தான். பேசினான், பேசினான். முடி, காம்பு, பொட்டு, நெருக்கம். லவோன் காலையில் சொன்ன சொற்களை அதே வரிசையில், ஆனால் மெதுவாக, இடையிடையே அவளைப் பார்த்து, புரிகிறதா என்று கேட்டுக்கொண்டு சொன்னான். அவள் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினாள். கடைசியில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மேய்ச்சல் தலைவன் என்ற முறையில், ஓடைக்கரையை முதலில் திறப்பதாகவும், லூப்பின் விதை உதிர்ந்த பிறகே மேடு என்றும் அறிவித்தான்.

"மத்த ரெண்டு வீட்டுக்கும் நானே போன் பண்ணிச் சொல்றேன். ஜனங்களுக்கு இதெல்லாம் தெரியாது பாருங்க. கண்ணால பாப்பாங்க, கவனிக்க மாட்டாங்க."

"அது வாஸ்தவம்," என்றார் எல்டன்.

லவோன் சாவியை வாங்கிக்கொண்டு எழுந்தாள். கிடாரிகள் தப்பின, பங்கு தப்பியது. இனி ஒரு விநாடியும் அந்தச் சமையலறையில் இருக்கத் தேவையில்லை. கதவருகே போனபோது பின்னால் எல்டன் கேட்டார்:

"ராய்ஸ், எங்க வீட்டுக்குப் பின்னாலயும் ஒரு சரிவு நிறைய நிக்குது. ஆனா பூ வெள்ளையா இருக்கும். நீலம் இல்ல. மாட்ட விடலாம்ல?"

"வெள்ளையா? அப்ப பயமே இல்ல," என்றான் ராய்ஸ் தாராளமாக. "வெல்வெட்டுன்னா நீலம். மேட்டப் பாத்தீங்கள்ல? வெளுத்த பூ எதுவும் பண்ணாது. தாராளமா விடுங்க."

எல்டனின் முகம் மலர்ந்தது. லவோன் கைப்பிடியில் கையை வைத்தபடி நின்றாள். அந்தச் சரிவு அவளுக்குத் தெரியும், சாலையில் போகும்போது பார்த்திருக்கிறாள். எப்போதும் கடைசிப் பேச்சுக்குத் தலையாட்டுகிற அந்தக் கிழவருக்காக வாயைக் கொடுத்து, இப்போதுதான் கிடைத்ததைக் கெடுத்துக்கொள்வதா? காலையில் அவளுக்காக அவர் மேகத்தைப் பார்த்தார். போகட்டும், அவர் மாடு, அவர் கன்று. ஆனால் அந்தக் கன்று அவர் கன்று மட்டும்தானா? இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டினால் அதுவும் வாலை ஆட்டும்.

அவள் திரும்பினாள்.

"எல்டன், ராய்ஸ் சொல்றது உங்களுக்குச் சரியாப் புரியல. நிறத்த வெச்சு ஏமாந்துடாதீங்கன்னு சொல்றான். மேட்டுல நீலமாத் தெரியறது தூரத்துக்குத்தான், கிட்ட போனா வெளுப்புதான்னு அவன்தான் இப்ப கண்ணாடி போட்டுப் பாத்தான். வெள்ளைப் பூவா இருந்தாலும் இலையோட ரெண்டு பக்கமும் தடவிப் பாருங்க. ரெண்டு பக்கமும் பஞ்சு மாதிரி இருந்தா, மாட்ட விடாதீங்க. இல்லையா ராய்ஸ்?"

ராய்ஸின் வாய் பாதி திறந்திருந்தது. அவன் கையிலிருந்த பூவைப் பார்த்தான். அது வெளுத்துத்தான் இருந்தது.

"அதத்தான் நானும் சொன்னேன்," என்றான் எரிச்சலாக. "எல்டன், நான் சொல்றத முழுசாக் கேக்கணும் நீங்க."

"கேட்டேன் ராய்ஸ். ரெண்டு பக்கமும்."

"ஆமா. ரெண்டு பக்கமும்."

எல்டன் மேசைமேல் கிடந்த இலையை எடுத்துத் தடித்த விரல்களுக்கு நடுவில் வைத்து, முன்னும் பின்னுமாக நெருடினார். வீட்டுக்குப் போனதும் பார்க்கிறேன் என்று முனகினார்.

லவோன் வெளியே வந்து வண்டியில் ஏறினாள். ட்வைலா பின்னாலேயே வந்து, காகிதத்தில் சுற்றிய இரண்டு ரொட்டிகளை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினாள். உள்ளே இருந்து ராய்ஸ் போனில் உரக்கப் பேசுவது கேட்டது. இதழின் முதுகைப் பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தான்.

"வாயெல்லாம் கசக்குது," என்றாள் லவோன்.

ட்வைலா முன்னங்கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

"முதல் பத்து வருஷம் அப்படித்தான் இருக்கும்," என்றாள்.